கை வலு இல்லாதவருக்கு எந்தத் துப்பாக்கி? மலையில் இருப்பவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

குன்னூர் தேயிலை

அப்பாவின் .32 ரிவால்வர் இப்போது அம்மா பேரில் இருக்கிறது. வாரிசு லைசென்ஸ். அம்மாவுக்கு 69 வயது. இரண்டு கையிலும் கட்டைவிரல் அடிமூட்டு தேய்ந்துவிட்டது. குக்கர் மூடியைக்கூட உள்ளங்கையால் தள்ளித்தான் திறப்பார். கோத்தகிரி ரோட்டில் ரெண்டு ஏக்கர் தேயிலை, தனி வீடு. நான் குன்னூர் டவுனில் இருக்கிறேன். கூப்பிட்டும் வரமாட்டேன் என்கிறார்.

போன ஜனவரி, ராத்திரி ஒரு மணி. பின்கதவை யாரோ பலமாகத் தட்டியிருக்கிறார்கள். அம்மா பீரோவைத் திறந்து ரிவால்வரை எடுத்தார். டிரிகரை நேராக இழுத்துச் சுட அவர் விரலுக்கு வலு கிடையாது. அது அப்பாவுக்கும் தெரியும். அதனால் இரண்டு கட்டைவிரலையும் சேர்த்துப் பின்னால் இருக்கும் ஹேமரை ஏற்றச் சொல்லிக் கொடுத்திருந்தார். அப்பா அதைக் குதிரை என்பார். குதிரை ஏறிவிட்டால் டிரிகர் லேசாகிவிடும், தொட்டால் போதும். அம்மா அப்படியே ஏற்றிவிட்டார்.

தட்டியது கீழே தொழிலாளர் லைன் வீட்டுப் பையன். அவன் மனைவிக்கு வலி எடுத்துவிட்டது. 108-ஐக் கூப்பிட சிக்னல் இல்லை, எங்கள் வீட்டு லேண்ட்லைனைத் தேடி ஓடி வந்திருக்கிறான். குரலைக் கேட்டதும் அம்மாவுக்கு ஆள் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் பிரச்சினையே. ஏற்றிய குதிரையை இறக்க முடியவில்லை. இறக்குவதென்றால் கட்டைவிரலால் அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே டிரிகரை அழுத்தி, மெல்ல விட வேண்டும். குளிரில் விறைத்த கை. வழுக்கினால் வெடிக்கும்.

ஜன்னல் வழியாகவே அந்தப் பையனை முன்வாசலுக்குப் போகச் சொல்லி, போனைக் காட்டினார். பிறகு எனக்குப் போன் செய்தார். நான் போய்ச் சேர இருபத்தைந்து நிமிஷம். சமையலறையில் தரையில் உட்கார்ந்திருந்தார். குழலை அரிசி மூட்டைக்குள் செருகி, இரண்டு கையாலும் பிடித்தபடி. ஆள்காட்டி விரலை மட்டும் டிரிகருக்கு வெளியே நீட்டி வைத்திருந்தார். நான் வாங்கி இறக்கினேன். "கை விறைச்சுப் போச்சு கண்ணு" என்றார். வேறு எதுவும் பேசவில்லை.

ஆறு மாசமாக அந்த நீட்டிய விரல் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. அவர் கைக்கு ஏற்றது வேறு ஏதாவது இருக்கிறதா? பயன்படுத்திப் பார்த்தவர்கள் மட்டும் சொல்லுங்கள்.

தாண்டிக்குடி காப்பி

உங்கள் அம்மா விரலை வெளியே நீட்டி வைத்தது பெரிய விஷயம் அம்மா. பட்டாளத்தில் பதினேழு வருஷம் இருந்தவன் சொல்கிறேன். பயந்த நேரத்தில் அது எல்லாருக்கும் வராது.

எனக்குப் பக்கவாதம் வந்து இடதுகை பாதிதான் திரும்பியது. தோட்டத்தில் மிளகு களவு. டிரிகர் லேசு என்று நம்பி .32 பிஸ்டல் வாங்கினேன். கடையில் கையில் வைத்துப் பார்த்தேன், ஸ்லைடை, அதாவது தோட்டா ஏற்றப் பின்னால் இழுக்கும் மேல்பாகத்தை, இழுத்துப் பார்க்கவில்லை. அதுதான் நான் செய்த தப்பு. சின்ன பிஸ்டல், சுலபமாக இழுபடும் என்று நினைத்தேன். நேர்மாறு. இந்த வகையில் சுடும்போது ஸ்லைடைப் பிடித்து நிறுத்துவது அதன் எடையும் ஸ்பிரிங்கும்தான், வேறு பூட்டு கிடையாது. அதனால் ஸ்பிரிங் கெட்டியாகத்தான் இருக்கும்.

கோவையில் சுடும் பயிற்சி ரேஞ்சுக்குப் போனேன். முதல் தோட்டா வெடித்தது. இரண்டாவதற்கு டிரிகர் அசையவில்லை. பார்த்தால் காலிக் கூடு வெளியே போகாமல் ஸ்லைடின் வாயில் நட்டமாகச் சிக்கி நிற்கிறது. அடுப்புப் புகைபோக்கி மாதிரி. பிடி தளர்ந்தால் பிஸ்டல் அப்படித்தான் சிக்கும். துப்பாக்கியில் கோளாறு இல்லை, என் மணிக்கட்டில்தான். அதைச் சரிசெய்யத் திரும்ப ஸ்லைடை இழுக்க வேண்டும். இழுக்கிற கை செத்துக் கிடக்கிறது. பயிற்சியாளர் பக்கத்தில் வராமல் காத்திருந்தார். நானே செய்யட்டும் என்று. செய்ய முடியவில்லை.

ரிவால்வரில் இந்தத் தொல்லை கிடையாது. கை தளர்ந்தாலும் அடுத்த தோட்டா அறை சுழன்று வரும்.

ஊட்டி ரோஜா

நிர்பீக் ரிவால்வர் பாருங்கள் அக்கா. கான்பூரில் 2014-ல் வந்தது, பெண்களுக்கென்றே சொல்லித்தான் விற்றார்கள். அரைக் கிலோ அளவுதான் எடை, கைப்பையில் வைக்கலாம். அப்போது விலை 1.22 லட்சம். என் நாத்தனார் ஒருமுறை தெரிந்தவரிடம் வாங்கிப் பார்த்தாள், "செல்போன் மாதிரி இருக்கு அண்ணி" என்றாள்.

தாண்டிக்குடி காப்பி

தங்கச்சி, எடை குறைந்தால் உதை கூடும். அதே .32 தோட்டாவை 700 கிராம் ரிவால்வரில் சுட்டால் இரும்பு கொஞ்சம் உதையை வாங்கிக்கொள்ளும். அரைக் கிலோவில் அது கட்டைவிரல் அடிமூட்டுக்குப் போகும். அந்த அம்மாவுக்கு வலி இருப்பதே அங்கேதான். தூக்க லேசாக இருப்பது வேறு, சுட லேசாக இருப்பது வேறு. எடை குறைந்ததால் டிரிகர் லேசாகிவிடாது. குதிரை ஏற்றாமல் இழுத்தால் பொதுவாக ரிவால்வருக்கு ஐந்து கிலோ அளவு வேண்டும். ஏற்றிவிட்டால் அதில் பாதிகூட வேண்டாம். அமெரிக்காவில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 2018-லிருந்து ஸ்லைடு சுலபமாக இழுபடும் .380 பிஸ்டலையே இதற்கென்று விற்கிறது. இறக்குமதித் தடை இருக்கும்வரை நமக்கு அது படத்தில்தான்.

தேவாலா பலாமரம்

எல்லாரும் இரும்பைப் பற்றியே பேசுகிறீர்கள். மலையில் ராத்திரி கதவுக்கு வெளியே சத்தம் என்றால் பாதி நேரம் அது மனுஷன் இல்லை. எங்கள் பக்கத்தில் யானை. குன்னூர், கோத்தகிரி என்றால் காட்டுமாடு, கரடி, சிறுத்தை.

எங்கள் வீட்டில் 12 போர் டபுள் பேரல் துப்பாக்கி இருந்தது, பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸில். ஒரு தேர்தலுக்கு அதை ஸ்டேஷனில் ஒப்படைத்திருந்தோம். அந்த வாரம்தான் ஒற்றைக் கொம்பன் ஒன்று சமையலறைச் சுவரைச் சாய்த்தது. உப்பு மூட்டைக்குத் துதிக்கையை நீட்டியது. நானும் அப்பாவும் கட்டிலுக்கு அடியில். துதிக்கை நுனி அப்பாவின் செருப்பைத் தொட்டுத் தடவியது, ஈரமாக. மூச்சுக்காற்று என் முகத்தில் பட்டது. செருப்பை விட்டுவிட்டு உப்போடு போய்விட்டது. துப்பாக்கி கையில் இருந்திருந்தால் அப்பா சுட்டிருப்பார். நாங்கள் இரண்டு பேரும் செத்திருப்போம். இதை அப்பாவே பலமுறை சொல்லியிருக்கிறார்.

.32 தோட்டாவில் இருப்பது ஏறக்குறைய 6 கிராம் ஈயம். ஆண் காட்டுமாடு ஒரு டன்னைத் தொடும். அதைக் காயப்படுத்துவது சாவைக் கூப்பிடுவது. உயிரைக் காத்துக்கொள்ள நல்லெண்ணத்தில் செய்தது குற்றமில்லை என்று 1972 வனஉயிரினச் சட்டத்திலேயே இருக்கிறது, ஆனால் அதை நிரூபிப்பது உங்கள் தலையில். அதனால் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். வாசலுக்கு வெளியே சென்சார் விளக்கு போடுங்கள், ஆனால் மனுஷன் உயரத்துக்கு மேலே, கதவுக்குப் பின்பக்கம் வெளிச்சம் விழாத மாதிரி. பலா, வாழை, உப்பு, அரிசி, இவற்றை வீட்டுக்குள் சமையலறையை ஒட்டிய வெளிச்சுவரில் வைக்காதீர்கள். அரிசி வாசனைக்கு யானை சுவரை உடைக்கும். குப்பையை ராத்திரி வெளியே வைக்காதீர்கள், கரடி அதற்குத்தான் வரும். கதவைத் திறக்காமல் பார்க்க ஒரு கண்ணாடித் துளை. உள்பக்கம் குறுக்கே ஒரு மரத்தாழ்ப்பாள், முழங்கையால் தள்ளினாலே விழுகிற மாதிரி ஆசாரியிடம் சொல்லிச் செய்யலாம், விரல் வலு வேண்டாம். வனத்துறை ரேஞ்ச் ஆபீஸ் நம்பரைப் பெரிய எழுத்தில் போனுக்கு மேலே ஒட்டுங்கள்.

தாண்டிக்குடி காப்பி

தம்பி, அந்த அம்மா வீட்டுக் கதவைத் தட்டியது மனுஷன். கேள்வியும் மனுஷனைப் பற்றித்தான். யானைக் கதைக்குத் தனியாக ஒரு இழை தொடங்கலாம்.

தேவாலா பலாமரம்

தட்டியது மனுஷன், அதுவும் உதவி கேட்டு வந்தவன். கதவில் துளை இருந்திருந்தால் குதிரையே ஏறியிருக்காது. நான் சொன்னது கேள்விக்குச் சம்பந்தம் இல்லாததா?

கோத்தகிரி வாடகை வீடு

துப்பாக்கி எனக்குத் தெரியாது. மிளகு ஸ்பிரே பற்றி மட்டும். லைசென்ஸ் வேண்டாம், அதனால் எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள்.

எனக்கு ருமட்டாய்டு மூட்டுவாதம், 41 வயது. வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு ஒரு வருஷம் சுற்றினேன். ஒருநாள் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டிலிருந்து மேலே ஏறும் படிக்கட்டில் ஒருவன் பின்னாலேயே வந்தான். எடுத்தேன். மேல்மூடியைப் புரட்டிவிட்டு அழுத்த வேண்டும். என் விரல் அந்த மூடிக்குக் கீழே நுழையவே இல்லை. வீங்கிய கணு. பல்லால் கடித்துத் திறந்தேன். அழுத்தினேன். கீழிருந்து மேலே காற்று, மஞ்சு ஏறுகிற நேரம். பாதி என் முகத்துக்கே வந்தது. அவன் ஓடிவிட்டான், அது ஸ்பிரேயாலா, நான் போட்ட கூச்சலாலா தெரியாது. நான் படியில் உட்கார்ந்து கண்ணைத் திறக்க முடியாமல் அழுதேன். பூக்காரப் பாட்டி ஒருவர் கைபிடித்துக் கூட்டிப் போய்த் தண்ணீர் ஊற்றினார்.

வாங்குபவர்கள் கடையிலேயே மூடியைத் திறந்து பாருங்கள். பெருவிரலால், கையுறை போட்டுக்கொண்டு, இடது கையால்.

வெலிங்டன் பிசியோ

நான் கை மறுவாழ்வு சிகிச்சை செய்பவள். என்னிடம் வந்த ஒருவர், ஓய்வுபெற்ற தோட்ட மேற்பார்வையாளர், தோட்டா இல்லாத ரிவால்வரைத் துணியில் சுற்றிக் கொண்டு வந்து மேஜையில் வைத்து "இதைத் திறக்கிற அளவுக்குக் கையைச் சரி பண்ணுங்க டாக்டரம்மா" என்றார். லைசென்ஸ் புத்தகத்தையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அந்த ரிவால்வர் தோட்டா போட நடுவில் மடங்கித் திறக்கும் வகை. மேலே இருக்கும் தாழைக் கட்டைவிரலால் தள்ள வேண்டும். அவர் தள்ளும்போது கட்டைவிரல் அடியில் மூட்டு பிதுங்கி வெளியே வந்ததைப் பார்த்தேன். என்னால் சரி பண்ண முடியாது என்று சொல்ல எனக்கு இரண்டு அமர்வு ஆயிற்று.

கட்டைவிரல் நுனியில் ஒரு கிலோ அழுத்தினால் அடிமூட்டில் 12 கிலோ வரை விழும். நீங்கள் சொன்ன குதிரை ஏற்றுவது, தாழ் தள்ளுவது, பிஸ்டலின் தோட்டா அடுக்கும் மேகசினில் தோட்டா அமுக்குவது, எல்லாமே அந்த மூட்டின் வேலை. டிரிகர் அப்படி இல்லை, அது ஆள்காட்டி விரல். ஆகையால் "கை வலு இல்லை" என்று ஒரே வார்த்தையில் சொல்லாதீர்கள். உங்கள் அம்மாவுக்குக் கட்டைவிரல் போயிருக்கிறது. ஆள்காட்டி விரல் எப்படி என்று தனியாகச் சோதித்தீர்களா? ருமட்டாய்டு என்றால் கணுக்கள், காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைப்பு. பக்கவாதம் என்றால் பிடி மட்டுமில்லை, விடுவதும் கஷ்டம். பிடித்த கை தானாக இறுகும். அவர்களுக்கு டிரிகர் பக்கமே விரல் போகக் கூடாது. நீலகிரிக் குளிரில் விரல் வெளுத்து மரத்துப் போகிறவர்கள் உண்டு, அவர்களுக்கு விரல் எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

சோதனையைப் பகலில், வெயிலில், கடையில் செய்யாதீர்கள். தோட்டா இல்லை என்று இரண்டு பேர் பார்த்து உறுதி செய்த பிறகு, வீட்டில், குளிர் நேரத்தில், தூங்கி எழுந்த உடனே செய்யுங்கள். திறப்பது, மூடுவது, ஏற்றுவது, இறக்குவது, எல்லாவற்றையும் ஐந்து தடவை. ஐந்தாவது தடவை கை நடுங்கினால் அந்தத் துப்பாக்கி அவருக்கில்லை. இறக்குவதில் ஒருமுறை வழுக்கினாலும் இல்லை. பிடியைத் தடிமனாக்க ரப்பர் சுற்றலாம், கட்டைவிரல் பட்டை போடலாம், பாரஃபின் மெழுகு ஒத்தடம் கொடுக்கலாம். இதெல்லாம் வலியைக் குறைக்கும். ஆனால் ராத்திரி ஒரு மணிக்கு ஒத்தடம் கொடுத்துவிட்டு யாரும் கதவைத் திறப்பதில்லை.

ஊட்டி ரோஜா

லைசென்ஸுக்கு மருத்துவச் சான்று வாங்குகிறார்களே, அதில் கையைப் பார்க்க மாட்டார்களா?

வெலிங்டன் பிசியோ

நான் பார்த்தவரையில் மனநிலை, கண், ரத்த அழுத்தம். விரலை யாரும் மடக்கிப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்பதுதான் என் கருத்து. 2019 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் ஐந்து வருஷம் செல்லும். தேய்கிற மூட்டுக்கு ஐந்து வருஷம் மிக நீளம்.

குன்னூர் தேயிலை

எல்லாருக்கும் நன்றி. பிசியோ சொன்னபடி போன ஞாயிறு காலை ஆறு மணிக்குச் சோதித்தோம். தோட்டாக்களை நான் எடுத்து வேறு அறையில் பூட்டிவிட்டு வந்தேன். ரிவால்வரைத் திறக்கும் தாழைத் தள்ள அம்மாவால் இரண்டாவது தடவையிலேயே முடியவில்லை. குதிரையை ஏற்றினார், இரண்டு கட்டைவிரலும் சேர்த்து. இறக்கும்போது மூன்றாவது தடவை வழுக்கியது. 'டக்' என்ற அந்தச் சத்தம். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. டிரிகரைக் குதிரை ஏற்றாமல் இழுக்கச் சொன்னேன். இரண்டு ஆள்காட்டி விரலையும் உள்ளே விட்டு இழுத்தார். முழுசாக இழுபட்டது, ஆனால் குழல் முனை அவர் முழங்காலை நோக்கித் தாழ்ந்துவிட்டது.

கோவையில் வாங்கிய கடையிலேயே பாதுகாப்புக்கு ஒப்படைத்துவிட்டோம், ரசீது கொடுத்தார்கள். அப்பாவின் பொருள், விற்க அம்மாவுக்கு மனசு வரவில்லை. எனக்கும்தான். தேவாலா அண்ணா சொன்ன மரத்தாழ்ப்பாளை ஆசாரி அளவெடுத்துப் போயிருக்கிறார். கதவில் துளையும் போடச் சொல்லியிருக்கிறேன்.

லைன் வீட்டுப் பையனுக்குப் பெண் குழந்தை. அன்று ராத்திரி 108 வந்து குன்னூர் போகும் வழியிலேயே பிறந்துவிட்டது. அவனுக்குக் கதவுக்கு இந்தப் பக்கம் என்ன இருந்தது என்று தெரியாது. சொல்ல வேண்டுமா என்று அம்மா என்னிடம் கேட்கிறார். என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

தாண்டிக்குடி காப்பி

சொல்ல வேண்டாம் அம்மா. தாழ்ப்பாள் மாட்டும்போது தேக்கா, சில்வர் ஓக்கா என்று பாருங்கள். சில்வர் ஓக் மழைக்கு உப்பும், அப்புறம் முழங்கையால் தள்ளினால் நகராது.