துரை பங்களாவில் இருந்து வந்த புத்தகங்கள்: என் அனுபவம்

பழைய புத்தகங்களை முதல் பதிப்பு என்று நம்பிக் காசு கொடுத்து ஏமாந்த கதைகளைப் பலரும் இங்கே எழுதியிருக்கிறீர்கள். எனக்கு நடந்தது வேறு. கையில் இருந்த அத்தாட்சியை நானே தொலைக்கக் கொடுத்தேன்.

அப்பா அட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கிளாக்கர். பழைய துரை பங்களாவைத் திருத்தியபோது இரண்டு பெட்டி ஆங்கிலப் புத்தகங்களை வெளியே போட்டார்கள். பழைய பேப்பருக்குப் போகவிருந்ததை அப்பா கேட்டு வாங்கி வந்தார். மலைநாட்டு ஈரத்தில் கிடந்த புத்தகங்கள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மேல்விளிம்பில் பூஞ்சணம், தாளெல்லாம் தேத்தண்ணி தெறித்த மாதிரிப் பழுப்புப் புள்ளிகள்.

அதில் லண்டன் மெத்யூவன் கம்பனியின் நாவல் ஒன்று இருந்தது. தலைப்புப் பக்கத்தின் பின்னால், ‘முதலில் வெளியானது 1908’ என்று ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. பார்க்க வேண்டியது அந்த வெற்றிடத்தைத்தான். மறுபடி அச்சடித்திருந்தால் இரண்டாம் பதிப்பு, மூன்றாம் பதிப்பு என்று அங்கேதான் அடுக்கியிருப்பார்கள். மக்மில்லன் என்ற லண்டன் கம்பனியின் புத்தகங்களிலும் மறுஅச்சு விவரத்தை அந்த இடத்தில்தான் தேட வேண்டும். அமெரிக்கப் பதிப்பகமான ஹார்ப்பரின் வழி வேறு: 1912இல் இருந்து, அச்சான மாதத்தைக் குறிக்க ஓர் எழுத்து, வருடத்தைக் குறிக்க ஓர் எழுத்து என்று போட்டார்கள். கே-என் என்றிருந்தால் 1913 ஒக்டோபர். நம்ம பக்கம் அவை கிடைப்பது குறைவு.

சரி, மெத்யூவனுக்கு வருகிறேன். நாவல் முடிந்த பிறகு அந்தக் கம்பனியின் விற்பனைப் பட்டியலையும் சேர்த்துத் தைத்திருந்தார்கள். அதில் மாதமும் வருடமும் உண்டு. நான் அதைக் குறித்து வைக்கவில்லை. அட்டை கழன்றிருந்ததால் கண்டியில் ஒரு பைண்டரிடம் கொடுத்தேன். இரண்டு கிழமை கழித்துப் பளபளவென்று புது அட்டையோடு வந்தது. மூன்று பக்கமும் ஓரம் வெட்டியிருந்தது. பட்டியலைக் காணவில்லை.

“அது வெறும் விளம்பரம்தானே சேர், கழிச்சிட்டேன்” என்றார். பழைய துணி அட்டையையும் எறிந்துவிட்டார். அவர்மேல் குற்றமில்லை, நான் சொல்லியிருக்க வேண்டும். தாள்கள் முதல் அச்சாக இருந்தாலும் சில பிரதிகளைப் பதிப்பாளர்கள் பிற்பாடுதான் அட்டை போட்டுக் கட்டி விற்றார்கள். பட்டியலின் திகதி புத்தகத்தின் வருடத்தைவிடப் பிந்தியது என்றால் அது அப்படிப்பட்ட பிரதி. என்னுடையது எது என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

அதே பெட்டியில் மக்மில்லனின் கொலனியல் லைப்ரரிப் புத்தகம் ஒன்றும் இருந்தது. இந்தியாவிலும் பிரித்தானியக் கொலனிகளிலும் மட்டுமே புழங்குவதற்கு என்று உள்ளே அச்சிட்டிருக்கிறது. வியாபாரிகள் இதைக் கண்டால் உதட்டைப் பிதுக்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இவற்றில் பல, லண்டனில் விற்ற அதே தாள்களை வேறு தலைப்புப் பக்கம், வேறு அட்டை போட்டுக் கட்டியவை. கப்பலில் வந்து மலையேறி, தோட்டக் கிளப் ஒன்றின் வட்ட முத்திரையோடு இருக்கும் பிரதி எங்கள் ஊர்ச் சரித்திரம். அந்த முத்திரையை அழிக்காதீர்கள், பெயர் எழுதிய முன்தாளைக் கிழிக்காதீர்கள்.

அப்புறம் பண்டாரவளை நண்பர் ஒருவர். கண்டியிலும் வேலை பார்த்த ஆங்கில எழுத்தாளர் லெனார்ட் வூல்ஃபின் இலங்கை நாவல் முதல் பதிப்பாகவே கிடைத்துவிட்டது என்று படம் அனுப்பினார். “பின்பக்கத்தில் 1913 என்று இருக்கே” என்றார். தலைப்புப் பக்கத்தின் அடியைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். ஹோகார்த் பிரஸ் என்று பதிப்பகத்தின் பெயர் இருந்தது. வூல்ஃபும் மனைவி வர்ஜீனியாவும் அதைத் தொடங்கியதே 1917இல்தான். 1913இல் நாவலை வெளியிட்டவர் எட்வர்ட் ஆர்னல்ட். ஆகவே நண்பரிடம் இருந்தது பிந்திய மறுஅச்சு. நண்பருக்கு மனசு விட்டுப்போயிற்று, ஆனாலும் புத்தகத்தை விற்கவில்லை.

ஓரம் வெட்டாமல், பழைய அட்டையையே வைத்துத் தைத்துத் தரும் பைண்டர் நுவரெலியா, பதுளைப் பக்கம் யாராவது இருந்தால் சொல்லுங்கள். மக்மில்லன் புத்தகத்தின் முதுகு விட்டுக்கொண்டு வருகிறது.