மறு: டெட்லாக் – 'முட்டுக்கட்டை' பொருந்துமா?

குழுவினருக்கு வணக்கம்.

இயங்குதளப் பாடத்தில் வரும் டெட்லாக்குக்கு, அதாவது நிரல்கள் ஒன்றுக்காக ஒன்று காத்து எதுவுமே நகராமல் நிற்கும் நிலைக்கு, 'முட்டுக்கட்டை' என்றே வைத்துக்கொள்ளலாம் என எழுதியிருந்தீர்கள், ஐயா. நாளிதழ்களால் நன்கு பழகிய சொல்தான். ஆனாலும் எனக்கு உடன்பாடில்லை. முட்டுக்கட்டை என்பது தேர்ச்சக்கரத்துக்குக் கொடுக்கும் மரக்கட்டை. தேரை நிறுத்துவதும் வீதி முனையில் திருப்புவதும் அதை வைத்துத்தான். போடுபவர் வேறு, நிற்கும் தேர் வேறு. கட்டையை எடுத்தால் தேர் நகரும். டெட்லாக்கில் வெளியிலிருந்து தடுப்பவர் யாருமே இல்லை.

இந்த ஆங்கிலச் சொல்லின் மிகப் பழைய பதிவுகளுள் ஒன்று, 1779இல் லண்டனில் அரங்கேறிய ஷெரிடனின் 'தி கிரிட்டிக்' நாடகத்தில் இருக்கிறது. ஒருவனைக் குத்த இரண்டு பெண்கள் கத்தியை ஓங்குகிறார்கள். அவர்களுடைய உறவினர் இருவர் பெண்களின் கையைப் பிடித்துக்கொண்டு, தங்கள் வாளை அவன் பக்கம் நீட்டுகிறார்கள். அவனோ இரண்டு கத்திகளை உருவிப் பெண்களின் மார்பில் வைக்கிறான். முதலில் பிடியை விட எவருக்கும் துணிவில்லை. இதற்குத்தான் அங்கே டெட்லாக் என்று பெயர்.

கணினியில் நடப்பதும் அச்சு அசல் இதுதான். ஒரு பணப் பரிமாற்றம் முதல் வங்கிக் கணக்கை வேறெதுவும் தொடாதபடி பூட்டிவிட்டு இரண்டாவதுக்குக் காத்திருக்கிறது. இன்னொன்று இரண்டாவதைப் பூட்டிவிட்டு முதலாவதுக்குக் காத்திருக்கிறது. 1971இல் கணினி அறிஞர் காஃப்மனும் உடன் எழுதியவர்களும் இதற்கு நான்கு நிபந்தனைகள் சொன்னார்கள்: ஒரு நேரத்தில் ஒருவருக்கே உரிமை, பிடித்துக்கொண்டே காத்தல், பிடுங்க முடியாமை, வட்டமாகக் காத்தல். நான்கில் ஒன்றை உடைத்தாலும் சிக்கல் வராது. தரவுத்தள மென்பொருள்கள் பல, வட்டத்தைக் கண்டதும் ஒரு பரிமாற்றத்தைக் கைவிட்டு மற்றதை ஓடவிடுகின்றன.

ஆகவே என் பரிந்துரை 'பிடிமுடக்கம்'. 'பூட்டுமுடக்கம்' என்றும் யோசித்தேன். ஆனால் அச்சுப்பொறி, நினைவகம் எதைப் பிடித்துக்கொண்டாலும் இது நேரும், பூட்டு இருந்தே தீரவேண்டும் என்பதில்லை. வினையாகவும் எளிதில் வளைகிறது: 'இரு நிரல்களும் பிடிமுடங்கின'. இதை ஒத்த இன்னொரு சிக்கலான லைவ்லாக்கில் இரண்டு நிரல்களும் மாறி மாறி விட்டுக்கொடுத்து அலைகின்றன, வேலை மட்டும் நடப்பதில்லை. அதற்கு 'அலைமுடக்கம்' ஒத்துவரும்.

ஸ்டார்வேஷனைப் 'பட்டினி' என்று எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. முறை வராமல் ஒரு நிரல் காத்தே கிடப்பதல்லவா அது? 'காத்துக்கிடப்பு' சரிப்படுமா?