புதுப்பிப்பு: கோபால்ட் கலந்த துத்தநாக ஆக்சைடும் எஃகு இடுக்கியும்

5 சதவீதம் கோபால்ட் சேர்த்த துத்தநாக ஆக்சைடு நானோ துகள்கள் அறை வெப்பநிலையிலேயே ஃபெர்ரோ காந்தத்தன்மை (இரும்பைப் போல வலுவாகக் காந்தமாகும் தன்மை) காட்டுவதாக முன்பு எழுதியிருந்தேன். அதைத் திருத்த வேண்டும்.

கோபால்ட் சேர்க்காத தூளையும் அளந்தேன். அதிலும் சிறிய தயக்க வளையம் (காந்தப்புலத்தை ஏற்றி இறக்கும்போது வரைபடத்தில் வரும், ஃபெர்ரோ காந்தத்தின் அடையாளமான வளையம்) வந்தது! அப்புறம்தான் மாதிரியை எடுக்கும் எஃகு இடுக்கிமேல் சந்தேகம் வந்தது. ஒரு மைக்ரோகிராம் இரும்பே சுமார் 0.0002 இஎம்யு (காந்தத் திருப்புத்திறனின் அலகு) காட்டிவிடும். நான் அளந்ததும் ஏறக்குறைய அவ்வளவுதான். பிளாஸ்டிக் இடுக்கிக்கு மாறியதும் சேர்க்காத தூளில் வளையம் மறைந்தது. கோபால்ட் தூளிலோ வெறும் பாராகாந்தத்தன்மைதான் (வெளிக் காந்தப்புலம் இருக்கும்வரை மட்டும் தெரியும் வலுவற்ற காந்தத்தன்மை) மிஞ்சியது.

சரி, ஹைட்ரஜனில் சூடாக்கிய மாதிரியில் மட்டும் வளையம் இன்னும் இருக்கிறது. ஆக்சிஜன் வெற்றிடங்கள் (படிகத்தில் ஆக்சிஜன் அணு இல்லாத இடங்கள்) காரணமாக இருக்கலாம். ஆனால் ஹைட்ரஜன் கோபால்ட்டை உலோகமாகவே ஒடுக்கிவிடும், அந்த உலோகமோ ஃபெர்ரோ காந்தம் என்பதால் எனக்கு கோபால்ட் உலோகத்தின்மேல்தான் சந்தேகம். அதன் நுண்திரள்கள் எக்ஸ்கதிர் விளிம்பு விளைவில் (படிக அமைப்பைக் காட்டும் சோதனை) எளிதில் தப்பிவிடும். அடுத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்கிறேன்.