புதுப்பிப்பு: சின்னத் தொகை போக்கரில் பிளஃப் செய்யலாமா?

சின்னத் தொகை மேசையில் யாருமே ஃபோல்ட் செய்வதில்லை (சீட்டைப் போட்டுவிட்டு விலகுவதில்லை), அங்கே பிளஃப் (நல்ல கை இல்லாமலே பந்தயம் வைத்து மிரட்டுவது) எதற்கு என்று முன்பு கேட்டிருந்தேன். அடியோடு விட்டுவிடச் சொன்னவர்களே அதிகம். அப்புறம் ஆடிப் பார்த்ததில், விட வேண்டியது பெரிய பிளஃபை மட்டும்தான் என்று படுகிறது.

நடுவில் சேர்ந்த பந்தயப் பணம் (பாட்) 90 இருக்கிறது, நான் 30 வைக்கிறேன் என்றால், நான்கில் ஒரு முறை எதிராளி ஃபோல்ட் செய்தாலே கைநட்டமில்லை. 90 முழுவதையும் வைத்தால் பாதி முறை ஃபோல்ட் வேண்டும். கிங், 7, 2 என மூன்றும் வெவ்வேறு சூட்டில் (சீட்டின் சின்னத்தில்) விழும் ஃப்ளாப் (மேசையில் முதலில் திறக்கும் மூன்று பொதுச் சீட்டுகள்) பெரும்பாலான கைகளுக்கு ஒட்டாது. முதலில் ரெய்ஸ் செய்தது (பந்தயத்தை ஏற்றியது) நான், எதிரில் ஒரே ஒருவர் என்றால் அங்கே அந்த 30ஐ வைத்துவிடுவேன்.

எதிரில் மூவர் என்றால் கதையே வேறு. ஆளுக்குப் பாதி முறை ஃபோல்ட் செய்வார்கள் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், மூவரும் ஒன்றாக விலகுவது எட்டில் ஒரு முறைதான். அப்போது பேசாமல் செக் (பந்தயம் வைக்காமல் விடுவது).

ஃப்ளஷ் டிரா (ஒரே சூட்டில் ஐந்து சீட்டு சேர இன்னும் ஒன்றே குறை) கையில் இருந்தால் துணிச்சல் கூடும். ஃப்ளாப்பில் இருந்து ரிவருக்குள் (கடைசிப் பொதுச் சீட்டுக்குள்) அது அமைய ஏறக்குறைய 35 சதவீத வாய்ப்பு. எதிராளி கால் செய்தாலும் (விலகாமல் ஈடாகப் பணம் வைத்தாலும்) பிழைக்க வழி உண்டு. ரிவரில் அந்த வழியும் கிடையாது. இரண்டு முறை கால் செய்தவரிடம் மூன்றாவது முறை வீரம் காட்டுவது வீண்.

ஜெயித்த பிளஃபைத் திறந்து காட்டலாமா என்று கேட்டவருக்கு: நான் காட்டுவதில்லை. ஏற்கெனவே கால் செய்யத் துடிப்பவர்களுக்கு இன்னொரு காரணம் எதற்கு?