குமரி மாவட்டத்துப் பழைய கல்லறைத் தோட்டங்கள்: நீங்க பாத்தது, கேட்டது சொல்லுங்க

புலியூர்குறிச்சிக்காரன்:
நானே தொடங்குதேன். உதயகிரி கோட்டைக்குள்ள டிலனாய் கல்லறை இருக்குல்லா, டச்சுப் படையிலேருந்து வந்து திருவிதாங்கூர் ராஜாவுக்கு தளபதியா இருந்த துரை, சின்னதுல அந்தப் பக்கம் போனா துரை எழும்பி வந்து பிடிச்சிருவாருன்னு வீட்டுல பயங்காட்டுவாவ. இப்ப சென்னைலேருந்து மச்சான் வந்திருந்தான், கூட்டிட்டுப் போனேன். கூரை இல்லாத பழைய சர்ச்சு, சுவரு மட்டும் நிக்குது, உள்ள துரை, பெண்டாட்டி, மகன்னு எல்லாரும் ஒரே இடத்துல. கல்லுல லத்தீன்லயும் எழுத்து, தமிழ்லயும் எழுத்து. லத்தீன் எடுத்த எடுப்புலயே "வழிப்போக்கா, நில்லு"ன்னு அதட்டுது, பிறகு 37 வருசம் கிட்ட ராஜாவுக்கு வேலை பாத்தது, காயங்குளத்துலேருந்து கொச்சி வர அடக்கிக் குடுத்தது, 1777 ஜூன் 1ல செத்தது எல்லாம் வருது. ஆனா 1741ல கொளச்சல்ல மார்த்தாண்ட வர்மாகிட்ட தோத்துப் பிடிபட்டுத்தான் ஆளு இங்க வந்து சேந்தாரு, அத பத்தி மூச்சே இல்ல! மச்சான் எழும்பூர் ஆண்ட்ரூஸ் கிர்க் போற ஆளு, 1821ல ஸ்காட்லாந்துக்காரங்களுக்காக திறந்த பிரஸ்பிடேரியன் சர்ச்சு, புராட்டஸ்டண்ட்ல ஒரு பிரிவு. "டச்சுப் படையில இருந்தவர்னா நம்ம சபை ஆளா இருப்பாரோ"ன்னு கேட்டான், கத்தோலிக்கர்டேன்னு சொன்னதும் மூஞ்சி தொங்கிப் போச்சு.

நெய்யூர் பிள்ளை:
அண்ணே, மச்சான்கிட்ட சொல்லுங்க, நாங்களும் அவருக்கு சொந்தம்தான். 1806ல மயிலாடிக்கு ரிங்கல்தௌபே மிஷனரி வந்ததுலேருந்து இங்க எல்.எம்.எஸ்ங்கிற லண்டன் மிஷன், 1908ல அதும் பிரஸ்பிடேரியனும் சேந்து எஸ்.ஐ.யூ.சி.ங்கிற தென்னிந்திய ஐக்கிய சபை, 1947ல சி.எஸ்.ஐ. எங்க ஆச்சி கண்ணடைக்கிற வர எஸ்.ஐ.யூ.சி.ன்னுதான் சொல்லும்.
எங்க கல்லறைத் தோட்டத்து மூலையில ஒரு காரைக் கல்லறை, 1059ன்னு வெட்டியிருக்கும், பேரு தெரியாது. பயலுவ ஆயிரம் வருசம் பழசுன்னு யூடியூப்ல போட்டுட்டானுவ, கீழ நூறு பேரு ஆமென் போட்டிருக்காவ. அது கொல்லம் ஆண்டு மக்கா, திருவிதாங்கூர்ல அதுதான கணக்கு, 825 கூட்டுனா 1884, ஆவணிக்குப் பிறகு செத்த ஆளுன்னா ஒரு வருசம் குறையும். எனக்கு அதவிட அதுக்குப் பக்கத்துல உள்ளதுதான் மனசுல நிக்குது, ரெண்டு முழம் கூட நீளம் இல்லாத கல்லறைங்க வரிசையா, எல்லாம் பிள்ளையளுக்கு. நெய்யூர்ல மிஷன் ஆஸ்பத்திரி 1838லயே வந்தாச்சு, ஆனா அந்தக் காலத்து காலராவுக்கு எந்த டாக்டரு என்ன செய்ய முடியும்.

மயிலாடி கல்கொத்து:
பேரு தெரியலன்னு சொல்லுதியளே, பெயிண்ட் அடிச்சிருக்காவளா? எங்க பக்கத்துல ஒரு சபையில கிறிஸ்மஸ் வருதுன்னு எல்லா பழைய கல்லறைக்கும் வெள்ளை எனாமல் பூசிட்டாவ, எழுத்து அம்புட்டும் அடஞ்சு போச்சு. கேட்டா "பாக்க நீட்டா இருக்குல்லா"ங்காவ. காரைக்கு சுண்ணாம்புதான் ஒக்கும், பெயிண்ட் அடிச்சா உள்ள உள்ள ஈரம் வெளிய போக வழி இல்லாம ரெண்டு மழையில பொரிஞ்சு பொரிஞ்சு விழும், விழும்போது எழுத்தையும் சேத்துக் கொண்டுட்டுப் போவும். எங்க அப்பா பாத்துட்டு ஒண்ணும் பேசல, நல்ல கெட்ட வார்த்தை ரெண்டு சொல்லிட்டு வந்துட்டாரு.

நெய்யூர் பிள்ளை:
பெயிண்ட் இல்லண்ணே, பாசிதான். சாக்பீஸ் தேச்சுப் பாக்கட்டா?

மயிலாடி கல்கொத்து:
சாக்பீஸும் வேண்டாம் ஆசிட்டும் வேண்டாம், கம்பி பிரஷ் பக்கத்துலயே கொண்டு போயிராத. வெறும் தண்ணியும் தும்பு பிரஷும் போதும், மெதுவா. பிறகு இருட்டுன பிறகு போயி செல்போன் டார்ச்சை கல்லுக்குப் பக்கவாட்டுல ஒட்டிப் பிடி, நேரா அடிச்சா ஒண்ணும் தெரியாது, சைடுல அடிச்சா குழியில நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். தேங்காப்பட்டணம் பக்கம் ஒரு கல்லுல இப்பிடித்தான் ஒரு உபதேசியாருக்க பேரு கிடைச்சுது.

புலியூர்குறிச்சிக்காரன்:
ராத்திரி கல்லறைத் தோட்டத்துக்கு பிள்ளைய தனியா அனுப்புதியளா? ஞாயித்துக்கிழமை நானும் வாறேன். சர்ச்சுல மணி அடிக்கிற கோயில்பிள்ளைகிட்ட முன்கூட்டியே சொல்லி வையி மக்கா, இல்லன்னா நம்மள பேயின்னு நெனச்சு மணி அடிச்சு ஊரைக் கூட்டிருவாரு.