பெரிய வீட்டுக் குழு: கரோக்கேக்கு எந்தப் பாட்டு?

சின்னவன்: அக்கா, அடுத்த வாரம் டோக்கியோ ஆபீஸில் எனக்கு வரவேற்பு விருந்து. முடிந்ததும் கரோக்கே போவார்களாம். ஆபீஸ் குழுவில் எல்லோரும் முப்பதுகளில் இருக்கிறவர்கள். என்ன பாட்டு பாடுவார்கள்?

டோக்கியோ அக்கா: அவர்கள் பள்ளியில் படித்தபோது வந்த பாட்டுகள்தான். ஏறக்குறைய 1998லிருந்து 2010 வரை.

பெரியண்ணன்: அப்படியென்றால் பாப் பாடகர் உத்தாதா ஹிகாருவின் பாட்டு இல்லாமல் இருக்காது.

டோக்கியோ அக்கா: ஆமாம் அண்ணா. 'ஃபர்ஸ்ட் லவ்' ஆல்பம் 1999 மார்ச்சில் வந்தபோது அவருக்கு 16 வயது. ஜப்பானில் மட்டும் 70 லட்சத்துக்கு மேல் விற்றது. அங்கே இன்றுவரை அதை மிஞ்சிய ஆல்பம் இல்லை. ஆனால் தம்பி, அதை நீ எடுக்காதே, சுருதி ரொம்ப மேலே போகும்.

சின்னவன்: 'கிசெகி' என்று ஒரு பாட்டு அடிக்கடி கண்ணில் படுகிறதே?

டோக்கியோ அக்கா: 2008. பாடியது க்ரீன் என்ற குழு, நாலு பேரும் பல் மருத்துவத் துறை. அந்த வேலைக்காக முகத்தைக் காட்டாமலே பாடினார்கள். அப்போது பாடகரின் குரலோடு வரும் ரிங்டோன் செல்போனில் பிரபலம், யார் போனைத் திறந்தாலும் இந்தப் பாட்டு.

சித்தி: சினிமாப் பாட்டு எதுவும் இல்லையா?

டோக்கியோ அக்கா: அங்கே டிவி நாடகப் பாட்டுதான் சித்தி. பாட்டு பரவுவதற்கு அதைவிடப் பெரிய இடம் பள்ளி பட்டமளிப்பு விழா. மார்ச்சில் நடக்கும், வகுப்பே சேர்ந்து பாடும். ரெமியோரோமென் குழு ஒரு நண்பரின் கல்யாணத்துக்கு எழுதிய 'சாங்கட்சு கொகொனோகா', 2004இல் வந்தது, கடைசியில் பட்டமளிப்புப் பாட்டாகவே ஆகிவிட்டது.

டோக்கியோ அக்கா: எனக்கு எல்லாவற்றிலும் பெரியது பாடகி ஆஞ்செலா அகியின் 'தெகாமி', அதாவது 'கடிதம்'. 2008இல் ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. நடத்தும் பள்ளிக் கோரஸ் போட்டியில் நடுநிலைப் பள்ளிகளுக்குக் கொடுத்த பாட்டு. 15 வயதுப் பிள்ளை, வளர்ந்த தனக்கே கடிதம் எழுதுகிறது. அடுத்த பகுதியில் பெரியவர் பதில் எழுதுகிறார். ஆஞ்செலாவுக்கு 30 வயதானபோது, பதின்ம வயதில் தனக்கே எழுதி வைத்த கடிதத்தை அம்மா அனுப்பினாராம். பாட்டு பிறந்தது அதிலிருந்துதான்.

பெரியண்ணன்: அன்றைக்குப் பாடின பிள்ளைகளுக்கு இப்போது முப்பது தாண்டியிருக்கும்!

டோக்கியோ அக்கா: அதுதான் அண்ணா. அன்றைக்குக் கேள்வி கேட்ட பக்கம் நின்றவர்கள் இன்றைக்குப் பதில் சொல்லும் பக்கம் வந்துவிட்டார்கள். என்கூட வேலை பார்க்கிற ஒருவர் இதைப் பாடும்போது, இரண்டாம் பகுதி வந்ததும் குரல் அடைத்து மைக்கைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டார். யாரும் எதுவும் கேட்கவில்லை, எல்லோரும் சேர்ந்து பாடி முடித்தோம்.

சித்தி: கேட்கவே மனசு கனக்கிறது. லிங்க் அனுப்பு, கேட்கிறேன்.

சின்னவன்: சரி, நான் எதைப் பாடட்டும்?

டோக்கியோ அக்கா: மங்கோல் 800 என்ற இசைக்குழுவின் 'சீசனா கோய் நோ உதா'. ஒகினாவா பையன்கள் மூன்று பேர், 2001 ஆல்பம். சின்ன இசை நிறுவனத்தில் வந்தும் அந்த ஆல்பம் 2002இல் ஜப்பானின் ஓரிகான் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. ராகம் நேர், வேகம் கொஞ்சம் அதிகம். பல்லவி வந்தால் அறையே கூடச் சேர்ந்துகொள்ளும், நீ தனியாகத் தவிக்க வேண்டாம்.

சின்னவன்: வரிகளை வாசிக்க முடியுமா?

டோக்கியோ அக்கா: கான்ஜி என்ற சீன வழி எழுத்துக்கு மேலே, உச்சரிப்பைக் காட்டும் எளிய எழுத்தான ஹிரகானா போட்டிருக்கும், அது தெரிந்தால் போதும். சுருதியையும் ரிமோட்டில் இறக்கிக்கொள்ளலாம். இன்றைக்கே நாலு தடவை கேள், நாளைக்குப் பாடி வாய்ஸ் மெசேஜ் போடு.

சித்தி: குழுவிலேயே போடுப்பா, தனியாக வேண்டாம்.