மறு: 'புண்ணாற்று மரபணு'வா, 'கருதுமரபணு'வா?

மதிப்பிற்குரிய குழுவினருக்கு வணக்கம்.

புண்ணைத் தூய்மைப்படுத்த விடப்படும் மருத்துவப் புழுக்களைப் பற்றிய கட்டுரையில், புண் ஆறுவதில் பங்கிருக்கலாம் என்று ஊகிக்கப்பட்டு இன்னும் மெய்ப்பிக்கப்படாத மரபணுவை (candidate gene) குறிக்கச் சென்ற மடலில் முன்மொழியப்பட்ட 'புண்ணாற்று மரபணு' என்னும் சொல் ஓசைக்கு இனியது, படித்தவுடன் விளங்குவது. ஆயினும் ஆய்வாளர்கள் இதுவரை காட்டியிருப்பதைவிட அது மிகுதியாகச் சொல்லிவிடுகிறது என்பதே என் தயக்கம்.

புண்ணில் விடப்படுபவை பெரும்பாலும் லூசிலியா செரிக்காட்டா என்னும் பச்சை நிற ஈயின் இளம்புழுக்கள். நுண்ணுயிர் நீக்கிய முட்டைகளிலிருந்து வளர்க்கப்படுபவை. அவை செரிமான நொதிகளை வெளியே உமிழ்ந்து, இறந்த திசுவைத் தம் உடலுக்கு வெளியிலேயே கரைத்து, அந்தக் கூழை உறிஞ்சிக்கொள்கின்றன. அந்த உமிழ்வில் புரதங்களைச் சிதைக்கும் நொதிகளும், டிஎன்ஏவைச் சிதைக்கும் நொதியும், பாக்டீரியாவைக் கொல்லும் சிறு புரதங்களும் உள்ளன. புழுவைப் பொறுத்தவரை இவையெல்லாம் உணவுக்கும் தற்காப்புக்கும் உரிய கருவிகள். நம் புண்ணுக்கு விளையும் நன்மை அதன் பக்கவிளைவுதான். ஒரு மரபணுவுக்குப் 'புண்ணாற்று' என்று அடைமொழி கொடுத்தால், அதன் தொழிலே அதுதான் என்ற எண்ணம் படிப்பவர் மனத்தில் ஊன்றிவிடும்.

மரபணுக்களை அடையாளம் காணும் முறையையும் நோக்க வேண்டும். புழுவின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்தும் குடலிலிருந்தும் மரபணுவின் நகலான ஆர்என்ஏவைப் பிரித்தெடுத்து, அதன் வரிசையைப் படித்து, பழ ஈ போன்ற நன்கறியப்பட்ட பூச்சிகளின் மரபணுக்களோடு ஒப்பிடுகிறார்கள். ஒப்புமை கிடைத்தால் அந்த மரபணு எவ்வகைப் புரதத்தை உருவாக்கக்கூடும் என்று ஊகிக்கலாம், அவ்வளவே. அந்தப் புரதத்தைத் தனியே உற்பத்தி செய்து, தோல் உயிரணுக்களின் வளர்ப்பிலும் பின்னர் விலங்குகளின் புண்களிலும் சோதித்த பிறகுதான் அதற்கும் புண் ஆறுவதற்கும் உள்ள தொடர்பைப் பேச முடியும்.

முழுப் புழுவைப் பற்றியே நாம் அடக்கமாகத்தான் பேச வேண்டியிருக்கிறது. பிரிட்டனில் கால் புண் உள்ள 267 பேரிடம் நடந்து 2009-இல் வெளியான ஆய்வில், புழுக்கள், ஹைட்ரோஜெல் என்னும் நீர்க்கூழ்மத்தை இட்டுக் கட்டும் முறையைவிட விரைவாக இறந்த திசுவை நீக்கின. ஆனால் புண் ஆறுவதற்கான காலம் குறைந்ததாகத் தெரியவில்லை. புழுவுக்கே உறுதியாகாத பெயரை அதன் மரபணுவுக்குச் சூட்டுவது முறையாகாது.

இன்னொரு குழப்பமும் உண்டு. மனிதரின் இரத்தத் தட்டு சார்ந்த வளர்ச்சிக் காரணிக்குரிய மரபணுவை இந்த ஈயினுள் புகுத்தி, அக்காரணியைச் சுரக்கும் புழுக்களை வளர்த்த ஆய்வு 2016-இல் வெளிவந்தது. புண் ஆறுவதில் அக்காரணிக்குள்ள பங்கு முன்பே அறியப்பட்டது; ஆனால் அந்த மரபணு புழுவுடையது அன்று. 'புண்ணாற்று மரபணு' என்றால் இதற்குத்தான் அதிகம் பொருந்தும், கட்டுரை பேசும் மரபணுக்களுக்கு அன்று.

ஆகவே 'கருதுமரபணு' என்பதை முன்வைக்கிறேன். 'கருதுகோள்' நமக்குப் பழகிய சொல். அதே வேர் இங்கும், இன்னும் மெய்ப்பிக்கப்படாதது என்ற குறிப்பைத் தருகிறது. 'கருதும் மரபணு' எனத் தவறாகப் பொருள் கொள்ள இடமுண்டு என்று ஒருவர் கேட்கக்கூடும். 'குடிநீர்' என்பதை நீரே குடிக்கிறது என்று எவரும் கொள்வதில்லை. வினைத்தொகை அந்த இடத்தைத் தானே சரிசெய்துகொள்ளும். 'வேட்பாளர் மரபணு' என்ற வழக்கை நான் ஏற்கவில்லை. மரபணு எதையும் வேட்பதில்லை. தேர்தல் வாடையும் அதில் அடிக்கிறது. 'கருதுமரபணுக்கள்', 'கருதுமரபணுத் தேர்வு' என்று பன்மையும் தொகையும் ஏற்பதில் புதுச்சொல்லுக்கு இடர் இல்லை.

கட்டுரைத் தலைப்பை 'மருத்துவப் புழுக்களில் புண் ஆறுதலுக்கான கருதுமரபணுக்கள்' என்று மாற்றலாம். புழு சுரக்கும் லூசிஃபென்சின் என்னும் பாக்டீரியாக்கொல்லிப் புரதத்துக்குரிய மரபணுவை மட்டும் அந்தத் தொகுதியில் சேர்க்காமல் 'நுண்ணுயிரெதிர்ப் புரத மரபணு' எனத் தனியே குறிப்பது தகும். 40 அமினோ அமிலங்கள் கொண்ட அந்தப் புரதம் 2010-இலேயே பிரித்தெடுக்கப்பட்டு, கிராம் நேர் என்னும் வகையைச் சேர்ந்த பாக்டீரியாவுக்கு எதிரான அதன் செயல் ஆய்வகத்தில் காட்டப்பட்டுவிட்டது.